தங்கல் திட்டில் ஒரு மனிதர்

வானத்தில் ஊர் கட்டலாம் என்று முதலில் சொன்னது நான்தான். அதனால் இதில் யாரிடமும் பாதிப் பழியைத் தள்ளிவிட முடியாது.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பொம்மை யூனிட்டில் வேலை பார்க்கிறேன். புதுப் பொம்மைகளுக்குக் கம்ப்யூட்டரில் படம் போட்டுக் கொடுப்பது என் வேலை. பக்கத்து ஷெட்டில் என் தோழி. முதல் சூட்டில் வெந்து வந்த பொம்மைகளைப் பளபளப்பு ஏற்றுகிற, பால் போலிருக்கிற கிளேஸ் பூச்சில் முக்கி எடுத்து, அடியைத் துடைத்து, இரண்டாவது சூட்டுக்கு அடுக்குவாள். ஏழு வருடமாக இரண்டு பேரும் ஒன்றாகத்தான் மதியம் சாப்பிட்டு வந்தோம். அவள் டப்பாவிலிருந்து நான் எடுப்பேன், என் டப்பாவிலிருந்து அவள் எடுப்பாள், கேட்டுக்கொண்டதில்லை.

சென்னையில் படித்த காலத்தில் ஹாஸ்டலில் ஒரு விளையாட்டைக் கற்றுக்கொண்டு வந்திருந்தேன். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து வாயாலேயே ஆடுவது. ஒருத்தர் உலகத்தை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்த உலகத்துக்குள் போவார்கள். கதவைத் திறக்கிறேன், படகில் ஏறுகிறேன், அந்தக் கிழவியிடம் வழி கேட்கிறேன் என்று அவர்கள் சொல்லச் சொல்ல, அங்கே என்ன நடக்கிறது என்று நடத்துகிறவர் சொல்வார். முடியுமா முடியாதா என்ற இடத்தில் இருபது முகம் உள்ள பகடையை உருட்டுவார்கள். பெரிய எண் விழுந்தால் காரியம் நடக்கும். அவ்வளவுதான் விளையாட்டு.

ஊருக்கு வந்த பிறகு இதை ஆட ஆள் இல்லாமல் இருந்தேன். தோழியிடம் ஒருநாள் சாப்பிடும்போது சொன்னேன். அவளுக்குப் பிடித்துப்போனது. எங்கள் மாடி வீட்டுக்குக் கீழே குடியிருக்கிற அண்ணன் ஜங்ஷனில் டிக்கெட் கவுண்டரில் இருக்கிறார். அவரும் அண்ணியும் சேர்ந்துகொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் வீட்டு ஹாலில் நாலு பேரும் உட்காருவோம். பகடையைத் தோழியே பீங்கான் மண்ணில் செய்து சூளையின் ஓரத்தில் வைத்து வேகவைத்துக் கொண்டுவந்தாள். வெந்ததில் ஒரு பக்கம் சற்றுச் சுருங்கிப்போய், பதினொன்று மட்டும் அடிக்கடி விழும். அண்ணன் அதைப் பதினொன்றாம் நம்பர் கட்டை என்பார்.

கடையில் கிடைக்கிற உலகங்களில் கோட்டையும் பனிமலையும் இருந்தன. எங்களில் யாரும் பனிமலையைப் பார்த்ததில்லை. நாமே ஒன்று செய்யலாம், தரையே இல்லாத உலகம், எல்லாம் வானத்தில் என்றேன். வெள்ளாற்றில் தண்ணீர் வற்றினால் மணல் திட்டுகள் தெரியுமே, அதுபோல வானத்தில் திட்டுத் திட்டாக ஊர்கள். நடுவே காற்று ஓடும். காற்றில்தான் படகு விடுவார்கள்.

நான் சொன்னது அவ்வளவுதான். மீதி உலகத்தை அவர்கள் மூவரும்தான் கட்டினார்கள் என்று சொல்ல வேண்டும். அண்ணன் முதல் வாரமே ரூல்டு நோட்டில் காற்றுகளுக்கு டைம் டேபிள் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். மேல்காற்று காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. தென்காற்று ஐந்து நாளைக்கு ஒருமுறை. அதைத் தவறவிட்டவர்கள் தங்குவதற்கு வெயிட்டிங் ஹால். எந்தத் திட்டில் எந்தக் காற்று மாற வேண்டும் என்பதற்கு ஒரு ஜங்ஷன் திட்டு. அண்ணி ஒரு சட்டம் கொண்டுவந்தார்: யாரும் எதையும் கீழே வீசக்கூடாது, ஏனென்றால் கீழே எப்போதும் இன்னொரு ஊர் போய்க்கொண்டிருக்கும். மேலே இருக்கிற திட்டு நகராமல் நின்றுவிட்டால் கீழ்த்திட்டுக்கு வெயில் விழாது, பயிர் விளையாது, அதற்கு வழக்குப் போட ஒரு கோர்ட்டு என்று அதையும் அவரே சேர்த்தார்.

தோழி கேட்ட கேள்விதான் எல்லாவற்றையும் மாற்றியது.

"அங்க மண்ணு ஏது?"

நான் யோசித்திருக்கவில்லை. மண் இல்லாவிட்டால் சட்டி ஏது, பானை ஏது, நாத்து எதில் நடுவார்கள் என்று அடுக்கினாள். கடைசியில் அவளே முடிவும் சொன்னாள். அந்த உலகத்தில் மண்தான் பெரிய சொத்து. ஒவ்வொரு வீட்டிலும் பரம்பரையாக ஒரு கூடை மண் இருக்கும். கல்யாணமாகிப் போகிற பெண் தன் வீட்டு மண்ணில் ஒரு கை எடுத்துப்போய்ப் புகுந்த வீட்டுக் கூடையில் கலப்பாள். இதைச் சொல்லிவிட்டு ஒன்றுமே சொல்லாததுபோலக் கடலை எடுத்துச் சாப்பிட்டாள். நாங்கள் மூன்று பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

விளையாட்டில் அவள் வலை கட்டுகிற பெண். திட்டின் விளிம்பில் வலை விரித்துப் பனித்துளியைப் பிடித்து ஊருக்குத் தண்ணீர் கொடுப்பவள். அண்ணன் படகோட்டி. அண்ணி ஊர் ஊராகப் போகிற வைத்தியச்சி. ஏழெட்டு மாதம் அப்படிப் போனது. அந்த ஞாயிற்றுக்கிழமைகளைப் போல நான் எதற்கும் காத்திருந்ததில்லை.

இனிமேல் சொல்லப்போவதுதான் நான் செய்தது.

யூனிட்டில் வேலை செய்கிற ஒருவர் மகளுக்குச் சேத்தியாத்தோப்பில் கல்யாணம். நானும் தோழியும் போய்ச் சாப்பிட்டுவிட்டு மதியம் பஸ்ஸில் திரும்பினோம். கூட்டமில்லை. மண்டபத்தில் பெண்ணின் அப்பா அழுததைப் பற்றி நான் ஏதோ சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே தன் அப்பாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். அத்தனை வருடத்தில் அதுவே முதல் தடவை.

அவள் ஒன்பதாவது படிக்கும்போது அவர் ஒரு காலையில் போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டு ஒரு துணிப்பையோடு ஜங்ஷனுக்குப் போனார். வரவில்லை. சண்டை எதுவும் இல்லை, குடி இல்லை. முதல் நாள் அவளுக்குச் சைக்கிள் செயின் மாட்டிக் கொடுத்திருக்கிறார். வாட்ச்சை மணிக்கட்டின் உள்பக்கம் திருப்பிக் கட்டுவார் என்றாள். டீ குடிப்பதற்கு முன்னால் முதல் சொட்டைத் தரையில் ஊற்றிவிட்டுத்தான் குடிப்பார், ஏன் என்று கேட்டால் சிரிப்பார் என்றாள். ஸ்டாண்டில் இறங்கும்போது, "இத யார்கிட்டயும் சொல்லிட்டிருக்காத" என்றாள். சொல்ல மாட்டேன் என்றேன்.

யாரிடமும் சொல்லவில்லைதான். எழுதினேன்.

அடுத்த வாரம் என் நோட்டில் ஒரு புதுத் திட்டைச் சேர்த்தேன். அதற்குத் தங்கல் என்று பெயர் வைத்தேன். அங்கே போகக் காற்று உண்டு, திரும்பக் காற்று கிடையாது. வழி தவறி இறங்கியவர்கள் அங்கேயே குடியிருப்பார்கள். அதில் விளக்குத்திரி திரிக்கிற ஒரு மனிதரை உட்காரவைத்தேன். திசைகாட்டியை மணிக்கட்டின் உள்பக்கம் கட்டியிருப்பார். எதைக் குடித்தாலும் முதல் சொட்டைத் தரையில் ஊற்றுவார். வலை கட்டுகிறவளின் அப்பா.

அவளுக்கு ஒரு ஆறுதல் தருகிறேன் என்றுதான் என்னிடமே சொல்லிக்கொண்டேன். நிஜத்தில் கிடைக்காததை விளையாட்டிலாவது கொடுக்கலாமே என்று. அது பொய்யில்லை, ஆனால் அது மட்டுமே காரணமில்லை. எழுதி முடித்தபோது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அதுவரை நான் எழுதியதில் அதுதான் மிக நன்றாக வந்திருந்தது. அதை ஆடிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. அவளிடம் ஒரு வார்த்தை கேட்கலாமா என்றும் தோன்றியது. கேட்டால் வேண்டாம் என்பாள் என்பதால் கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனின் படகைத் தங்கலில் கொண்டுவந்து கட்டவைத்தேன். திட்டைப் பற்றிச் சொன்னேன். அவர்கள் திரிக்காரரின் குடிசைக்குப் போனார்கள். அவர் அவர்களுக்குக் குடிக்கக் கொடுத்தார், தானும் எடுத்துக்கொண்டார், முதல் சொட்டைத் தரையில் ஊற்றினார்.

அண்ணனுக்கும் அண்ணிக்கும் ஒன்றும் தெரியாது. மண்ணே இல்லாத ஊரில் தரைக்கு எதற்குத் தண்ணி என்று அண்ணன் சிரித்தார். தோழி சிரிக்கவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மேஜையில் இருந்த தாளைப் பார்த்தாள். அப்போதே நிறுத்தியிருக்கலாம். நான் அந்த மனிதரின் கையைத் திருப்பித் திசைகாட்டியைக் காட்டினேன்.

அவள் கேட்டாள், வலை கட்டுகிறவளாக. "ஏன் திரும்பி வரல?"

என் குரலைத் தாழ்த்திக்கொண்டு அந்த மனிதராகப் பதில் சொன்னேன். "வரணும்னுதான் இருந்தேன். காத்து வரல. தெனமும் விளிம்புல வந்து நின்னேன். உன் முகத்த ஒருநாளும் மறக்கல."

இந்த விளையாட்டில் ஒரு வழக்கம் உண்டு. எதிரில் இருப்பவர் பொய் சொல்கிறாரா என்று சந்தேகம் வந்தால் பகடை உருட்டிக் கேட்கலாம். பெரிய எண் விழுந்தால் உலகத்தை நடத்துகிறவர் உள்ளதை உள்ளபடி சொல்லியாக வேண்டும். அப்போது பேசுவது எந்தப் பாத்திரமும் இல்லை, நடுவர்.

அவள் பகடையை எடுத்தாள். பொய் சொல்றாரான்னு பார்க்கணும் என்றாள். உருட்டினாள். பத்தொன்பது விழுந்தது.

நான் என் சொந்தக் குரலில் சொன்னேன். "உண்மைதான் சொல்றாரு."

அவள் தலையை ஆட்டினாள். அதன் பிறகு ஒரு பத்து நிமிடம் ஆடினாள். தண்ணீர் வருகிற நேரம் என்று எழுந்து டம்ளர்களைக் கொண்டுபோய்க் கழுவிக் கவிழ்த்துவைத்துவிட்டுப் போனாள். அண்ணி, என்னம்மா இன்னைக்கு நல்லா இருந்துச்சே, கண்ணுல தண்ணி வந்துடுச்சு என்றார். நான் நோட்டைத் திறந்து 'தங்கல் காட்சி மிக நன்றாக வந்தது' என்று எழுதினேன். அந்த வரி இன்னும் அந்த நோட்டில் இருக்கிறது. அடித்துவிட்டால் எழுதாததுபோல ஆகிவிடும் என்று விட்டுவைத்திருக்கிறேன்.

அன்று சாயங்காலமே இன்னொன்றும் செய்தேன். வானத்து உலகத்தை முழுதாக டைப் செய்து வைத்திருந்தேன். அதில் தங்கலையும் சேர்த்து, சென்னையில் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிற என் பழைய ஹாஸ்டல் குழுவுக்கு அனுப்பினேன். நீங்களும் ஆடிப் பாருங்கள் என்று.

அந்த வாரம் தோழி வியாழன், வெள்ளி இரண்டு நாள் லீவு போட்டாள். உடம்பு சரியில்லையா என்று போனில் கேட்டேன், வேலை இருக்குது என்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட வரவில்லை. திங்கட்கிழமை வேலைக்கு வந்தாள். மதியம் டப்பாவைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

அவள் அப்பா எங்கே இருக்கிறார் என்று அவளுக்கு இரண்டு வருடமாகவே தெரியும். மேற்கே ஒரு ஊரில் டீக்கடை வைத்திருப்பதாகச் சொந்தக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு வந்து சொல்லியிருக்கிறார். அந்த ஊர்ப் பேரை எழுத வேண்டாம் என்றிருக்கிறாள். இதை எழுத அவள் போட்ட ஒரே நிபந்தனை அதுதான். அவள் அம்மா, வூட்டுல அந்தப் பேச்சே வேணாம் என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். அவளும் போகக்கூடாது என்று முடிவு செய்து, அந்த முடிவோடு நிம்மதியாகத்தான் இருந்தாள். இதெல்லாம் எனக்குத் தெரியாது. பஸ்ஸில் அவள் சொன்னது பாதி. அந்தப் பாதியை வைத்துக்கொண்டு மீதியை நானே எழுதிக்கொண்டேன்.

"ஞாயித்துக்கெழமைக்கு அப்பறம் இருக்க முடியல" என்றாள். "ஒருவேள அவரும் அப்படித்தான் நின்னு பாத்துட்டு இருந்தாரோன்னு."

காலை ரயிலில் போயிருக்கிறாள். கடையைக் கண்டுபிடிக்கச் சிரமப்படவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து டீ கேட்டாள். அவர்தான் போட்டுக் கொடுத்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. வாட்ச் கட்டியிருக்கவில்லை.

"எந்த ஊரும்மான்னு கேட்டாரு. விருத்தாசலம்னேன். அந்தப் பக்கம் வந்ததே இல்லன்னாரு."

அவருக்கு அடையாளம் தெரிந்திருக்காது, எத்தனை வருடம் ஆகிறது என்று நான் அவசரமாகச் சொன்னேன்.

"தெரிஞ்சுதுடி. நான் உள்ள வந்தப்பவே தெரிஞ்சுது. கிளாஸ வெக்கிறப்ப கை ஆடி பாதி டீ சிந்துச்சு. தொடச்சுட்டு, அதுக்கப்பறந்தான் கேட்டாரு எந்த ஊருன்னு."

ஏன் திரும்பி வரவில்லை என்று கேட்டாயா என்றேன். இல்லை என்றாள். டீயைக் குடித்து முடித்துவிட்டு வந்துவிட்டாள். வெள்ளிக்கிழமை முழுவதும் வீட்டில் படுத்திருந்தாள். அம்மாவிடம் தலைவலி என்று சொல்லியிருக்கிறாள்.

நான் மன்னிப்புக் கேட்டேன். சரியாகக்கூடக் கேட்கத் தெரியவில்லை. உனக்கு நல்லதுன்னு நெனச்சேன் என்ற இடத்தில் போய் நின்றுவிட்டேன்.

"கெட்டது நெனச்சு செய்யலன்னு தெரியும்" என்றாள். "நீ அவரா பேசினதுகூடப் பரவால்ல. அது வெளையாட்டு. கடைசில நீயா சொன்ன பாரு, உண்மைதான்னு. அத எப்படி சொன்ன?"

பத்தொன்பது விழுந்தது, அதனால் சொன்னேன். காட்சி நன்றாக முடிய வேண்டும், அதனால் சொன்னேன். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரவேண்டும் என்று ஆசைப்பட்டேன், அது வந்தது. மூன்றும் உண்மை. ஒன்றையும் அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

அவள் டப்பாவை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போய்விட்டாள். மறுநாளிலிருந்து ஷெட்டில் இருக்கிற மற்றப் பெண்களோடு சாப்பிட்டாள். எதிரில் பார்த்தால் பேசுவாள், வேலை விஷயம் கேட்பாள். பொம்மையின் கை இடுக்கில் கிளேஸ் தேங்குது, படத்தில் இடுக்கைக் கொஞ்சம் அகலமாகப் போடு என்பாள். அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைகளிலும் வரவில்லை. அண்ணியிடம் அவளுக்கு வீட்டு வேலை நிறைய என்றேன். அதுவும் பொய். விளையாட்டு நின்றுபோனது.

மூன்று வாரம் கழித்துச் சென்னையிலிருந்து போன் வந்தது. தங்கலை ஆடினோம், ரெண்டு பேர் அழுதுட்டாங்க, அந்தத் திரிக்காரரை எப்படிடி யோசிச்ச என்று கேட்டார்கள். அதைக் கேட்ட நொடியில் எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு நொடிதான், ஆனால் இருந்தது. அந்தத் திட்டை எடுத்துவிடுங்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள் என்றேன். காரணம் கேட்டார்கள். அது என்னுடையது இல்லை என்று மட்டும் சொன்னேன். ஏற்கனவே இன்னொரு குழுவுக்கு அனுப்பியாகிவிட்டது என்றார்கள். அங்கேயும் அழித்தார்களா, எனக்குத் தெரியாது.

இதை அவளிடம் சொல்லாமலேயே இருந்துவிடலாம். அவளுக்கு எப்படியும் தெரிய வராது. பத்து நாள் அப்படித்தான் இருந்தேன். அந்தப் பத்து நாளும் ஷெட்டு வழியாகப் போவதைத் தவிர்த்துப் பின்பக்கம் சுற்றிப்போனேன். கடைசியில் ஒரு மதியம் அவள் கை கழுவிக்கொண்டிருந்த இடத்துக்குப் போய், நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பெருமைப்பட்டதையும் சொன்னேன்.

அவள் குழாயை மூடினாள். காய்ந்துபோன கிளேஸின் வெள்ளை நகத்தோரம் இன்னும் இருந்தது. அதைச் சுரண்டிக்கொண்டே நின்றாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன்.

"அங்க ஆடினவங்க அவர்கிட்ட என்னா கேட்டாங்க?" என்றாள்.

"எல்லாருமே ஏன் திரும்பிப் போகலன்னுதான் கேட்டாங்களாம்."

"அதுக்கு?"

"நான் எழுதி வெச்சததான் சொல்லியிருப்பாங்க."

ம் என்றாள். பிறகு, இனிமே யாருக்காவது குடுக்கறதா இருந்தா அவரு பதில் சொல்ல வேணாம், சும்மா திரி திரிச்சுட்டு இருக்கட்டும் என்றாள். யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்றேன். நான் அப்படிச் சொல்வேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்ததுபோல, நம்புவதாகவோ நம்பாததாகவோ காட்டிக்கொள்ளாமல் போய்விட்டாள்.

நாலைந்து மாதம் ஆனது. நடுவில் அண்ணி அவளைக் கடைத்தெருவில் பார்த்து, நீ வராம வெளையாட்டே இல்ல, அண்ணன் டைம் டேபிளை வெச்சுக்கிட்டு ஏக்கமா இருக்கிறாரு என்று சொல்லியிருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அவள் ஒரு நோட்டோடு நின்றாள், பின்னால் அண்ணனும் அண்ணியும். உள்ளே வந்து, நான் எப்போதும் உட்காருகிற நாற்காலியைக் காட்டி, இனிமே நான் நடத்தறேன் என்றாள். என்னிடம் மட்டுமில்லை, மூன்று பேரிடமும் சேர்த்துச் சொன்னாள். நான் எழுந்து ஜன்னல் பக்கம் பாயில் உட்கார்ந்தேன்.

அதிலிருந்து அவள்தான் நடத்துகிறாள். அதே வானம், அதே காற்றுகள். தங்கல் மட்டும் வரைபடத்தில் இல்லை. அது இருந்த இடத்தில் வெறும் மேகம் வரைந்திருக்கிறாள். விளையாட்டில் நான் இப்போது ஒரு கயிறு திரிப்பவள். என்னைவிட அவள் நன்றாக நடத்துகிறாள். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் ஏன் பேசாமல் இருக்கிறார்கள் என்பதைக்கூடக் கவனித்துக் கதையைத் திருப்புகிறாள். அண்ணன் சிரிக்கிற சிரிப்பு தெருவுக்குக் கேட்கிறது. மதியம் சாப்பாட்டுக்கும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் என்னோடு உட்காருகிறாள். டப்பாவிலிருந்து எடுப்பதற்கு முன் இப்போது இரண்டு பேருமே கேட்டுக்கொள்கிறோம்.

ஏழு வருடத்தில் என்னைப் பற்றி அவளிடம் நான் சொல்லாதது குறைவு. என் நிச்சயதார்த்தம் நின்ற கதை, அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது நான் ஊருக்கு வரத் தாமதித்தது, எனக்கு என்னென்னவற்றில் பயம் என்பது எல்லாம் அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு வாரமும் படகு புதுத் திட்டை நெருங்கும்போது இவற்றில் ஏதாவது ஒன்று அங்கே இருக்குமோ என்று பயப்படுவேன். இருந்தால் நியாயம்தான் என்றுகூட நினைத்துக்கொள்வேன்.

போன வாரம் நாங்கள் இறங்கிய திட்டில் கோழிகள் மட்டும்தான் இருந்தன. அவற்றைத் திட்டின் விளிம்பிலிருந்து விழாமல் பிடிப்பதற்குள் மாலையாகிவிட்டது. அவள் நோட்டை மூடினாள், டம்ளர்களை நான் கழுவினேன்.